கண்ணாடிப் பெட்டியில் பிரிம்மின் குழாய்

இந்தக் காலத்து ஜனங்களிடம் ஒரு கேள்வி கேட்டால் வாயைத் திறந்து பதில் சொல்வதில்லை. படத்தைக் காட்டுகிறார்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் போனை நீட்டுகிறான். கடையில் குழம்பு என்ன குழம்பு என்று கேட்டால் அட்டையைத் தள்ளுகிறாள். என் பெண்டாட்டி பிழைப்பாளா என்று கேட்டால் டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்து, "இதோ பாருங்க" என்கிறார். என்னத்தைப் பார்ப்பது? படம் எடுத்தவனுக்கும் நிச்சயமில்லை, பார்க்கிறவனுக்கும் புரியவில்லை, ஆனால் இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போக வேண்டும்.

கிளாய்க்கு இந்தத் தலையாட்டல் வராது. எழுபத்தோரு வயதில் கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பாங்காக்குக்கு வெகு தெற்கே, ரனோட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் இறால் குளங்களில் முப்பத்திரண்டு வருஷம் பம்பு பார்த்தவர். அவரிடம் பம்பு ஓடுமா என்று கேட்டால் ஓடும் என்பார், இல்லை ஓடாது என்பார். நடுவில் ஒரு பதில் இருக்கிறது என்பதே இந்த மூன்று வாரமாகத்தான் அவருக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் பெண்டாட்டி பிரிம், பக்கத்து வீட்டுப் பெண்ணின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து சந்தைக்குப் போனாள். மடியில் ஒரு கட்டு சத்தோக் காய், நீள அவரை மாதிரி. திருப்பத்தில் சறுக்கி விழுந்தாள். தலையில் சின்ன அடி. ஹாட் யாய் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். அடிபட்ட இடத்தில் ஒன்றுமில்லை. ஆனால் வேறொன்று இருந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒரு வளைவில் கொப்புளம் மாதிரி உப்பிப் போயிருந்தது. சோள மணி அளவு.

"வெடிக்குமா?" என்று கேட்டார் கிளாய்.

"வெடிச்சா ஆபத்து" என்றார் டாக்டர்.

"அதைக் கேக்கல. வெடிக்குமா?"

"சொல்ல முடியாது. நாளைக்கே வெடிக்கலாம். இருபது வருஷம் அப்படியே இருந்தாலும் இருக்கும். இதோ பாருங்க..."

அன்றிலிருந்து கிளாய் உட்காரவில்லை. பிரிம் குனிந்தால் இவர் தாங்கிப் பிடித்தார். இருமினால் ஓடி வந்தார். குடத்தை எடுத்தால் பிடுங்கினார். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்து, இரண்டு தடவை அடி வாங்கினார்.

இப்போது அவள் நாலாவது மாடி வார்டில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரி கொடுத்த மாங்காயை மிளகாய் உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். கிளாய் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"எட்டாவது தடவை" என்றாள் பிரிம். "அந்த ஜன்னல்ல என்ன, உன் பம்பு ஓடுதா?"

"மெதுவாத் தின்னு. புரை ஏறினா இருமுவ. இருமினா..."

"இருமினா வெடிக்கும், தும்மினா வெடிக்கும். உன் மூஞ்சியப் பாத்து மட்டும் இன்னும் வெடிக்கல, அதான் ஆச்சரியம்."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். கிளாய் அவளை முறைத்தார்.

கட்டில் மேல் ஒரு காகிதம் கிடந்தது. தொடை வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு, தலை வரைக்கும் கொண்டுபோய், கொப்புளம் இருக்கும் இடத்தில் குழாய்க்குள் ஒரு வலையை விரித்து வைக்கப் போகிறார்கள். சம்மதம் என்றால் பிரிம் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் இன்றைக்கு நாலு மணிக்குள். அப்போதுதான் அவள் அளவுக்கான வலையை பாங்காக்கில் சொல்லி வெள்ளிக்கிழமைக்குள் வரவழைக்க முடியும். தவறினால் அடுத்த முறை வர இரண்டு மாசம் ஆகும்.

"நான் போடப் போறதில்ல" என்றாள் பிரிம்.

கிளாய் நின்றார். "அப்போ வேண்டாமா?"

"வேண்டாம்னும் சொல்லல. எனக்கு ஒண்ணும் புரியல. எதிர்க் கட்டடத்துல என் குழாய் மாதிரியே ஒண்ணு செஞ்சு, பம்பு வெச்சு, ரத்தம் எப்படிப் போகுதுன்னு ஓட்டிப் பாக்கறாங்களாம். நேத்து டாக்டர் உன்கிட்ட எரிச்சல்ல சொன்னாரே, போய் நேர்லயே பாத்துக்கங்கன்னு. போ. பம்புன்னா உனக்குத் தெரியும்ல? நீ பாத்துட்டு வந்து சொல்லு, நான் போடறேன். இல்லன்னா ஊருக்குப் போலாம்."

"என் தலையில கட்டாத."

"என் தலைதானே? உன் தலையில என்ன இருக்கு, களிமண்ணு. போ."

மணி ஒன்றரை.

எதிர்க் கட்டடம் என்ஜினீயரிங் காலேஜ். இரண்டாவது மாடியில் ஒரு கதவு. ஆசான் பாவினி என்று பெயர் எழுதியிருந்தது. நாற்பது வயதுப் பெண், ரப்பர் செருப்பு, தலைமுடியைப் பென்சிலால் சுருட்டிக் குத்தியிருந்தாள். கிளாயைப் பார்த்ததும் கைகூப்பி, அச்சு அசல் தெற்கத்திப் பேச்சில், "வாங்க பெரியப்பா, சாப்டீங்களா?" என்றாள்.

ஊர்ப் பேச்சில் பேசினால் நம்பிவிடுவேன் என்று நினைக்கிறாள் என்று கிளாய் நினைத்துக்கொண்டார். "சாப்டாச்சு" என்றார். சாப்பிடவில்லை.

உள்ளே இருட்டு. வெளிச்சம் இருந்தால் தெரியாதாம். ஒரு மஞ்சள் கண்ணாடியைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னாள். மூலையில் இன்னொரு ஆள் நின்றான். ஐம்பது வயதிருக்கும், ஒடிசல். "இவர் தவின். மாடல் எல்லாம் இவர் கையாலதான் வார்க்கறது" என்றாள் பாவினி. தவின் தலைகுனிந்து கும்பிட்டான். பேசவில்லை.

மேஜை மேல் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் இரண்டு பக்கமும் ரப்பர் டியூப் போய்ச் சேர்ந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

"எங்க குழாய்?"

"உங்க கண்ணு முன்னாலதான் இருக்கு பெரியப்பா."

"நாலாம் கிளாஸ்தான் படிச்சேன், கண்ணு நல்லாத்தான் இருக்கு. பெட்டி காலி."

பாவினி சிரித்தாள். "அம்மாவோட தலைப் படத்துலேர்ந்து அளவு எடுத்து, சிலிகான்ல வார்த்திருக்கோம். உள்ள குழாய் எப்படி வளையுதோ அப்படியே ஓட்டை. வெறும் தண்ணி விட்டா ஓட்டை கண்ணுக்குத் தெரியும். இது தண்ணியும் கிளிசரினும் கலந்தது. ரத்தம் அளவுக்குக் கெட்டி. வெளிச்சம் சிலிகான்ல எப்படிப் போகுதோ இதுலயும் அப்படியே போகும். அதனால குழாய் மறைஞ்சிடும், ஓட்டம் மட்டும் தெரியும்."

பொருளை ஒளித்து வைத்துவிட்டு நன்றாகப் பார் என்கிறாள். கிளாய் வாழ்நாளில் பார்த்த எந்த வியாபாரியும் இந்தத் தைரியத்துக்கு வந்ததில்லை. பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த திரவத்தில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிசுபிசு என்றது.

"பம்பைப் போடு."

போட்டாள். அது பெரிய சத்தம் போடவில்லை. கிளாய் கேட்காமலே டியூபின் மேல் இரண்டு விரலை வைத்தார். துடித்தது. விட்டுவிட்டு, நிதானமாக, ஆள் கையைப் பிடித்த மாதிரி. அவர் விரலை எடுக்கப் பார்த்தார், எடுக்கவில்லை.

"நிமிஷத்துக்கு எத்தனை?"

"எழுபத்திரண்டு. அம்மாவுக்கு எடுத்த அளவு."

"படுத்திருக்கும்போது எடுத்திருப்பீங்க. கோவம் வந்தா தொண்ணூறு போகும்."

"அடிக்கடி கோவம் வருமா?"

"நான் வீட்ல இருக்கறப்பல்லாம்."

பாவினி ஏதோ திருகினாள். விரலுக்கடியில் துடிப்பு வேகமானது. பிறகு பச்சை வெளிச்சம் கத்தி மாதிரி பெட்டியைக் குறுக்கே வெட்டியது. ஒன்றுமில்லாத இடத்தில் ஆயிரம் பொடிகள் மின்னிக்கொண்டு ஓடின. பக்கத்துத் திரையில் அதையே பெரிதாகக் காட்டினாள்.

குழாய் வழியாக வேகமாக வந்த ஓட்டம் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அங்கே வாய் திறந்திருந்த கொப்புளத்துக்குள் சீறிப் பாய்ந்து, சுவரில் ஒரே இடத்தில் மோதி, சுவரோடு வழிந்து, சுற்றிக்கொண்டு வந்தது. அடுத்த துடிப்பு. மறுபடி அதே இடத்தில். மறுபடி. எப்படி இது இத்தனை நாள் தாங்கியது? தான் வீட்டில் சத்தம் போட்டது, குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளியது, ஒவ்வொரு தடவையும் இந்தச் சுவரில்தானா மோதியது?

"குறை" என்றார். "எழுபத்திரண்டுக்குக் குறை."

குறைத்தாள். அவர் இரண்டு எட்டு பின்னால் போய்த் திரும்பி வந்தார். சுழலைப் பார்த்தார். இது தெரிந்த சுழல்தான். குளத்தின் நாலு மூலையிலும் காற்றுக் கலக்கும் துடுப்புச் சக்கரம் ஓடினால் தண்ணீர் இப்படித்தான் சுற்றும். ஓரமெல்லாம் ஓடும், நடுவில் அசையாது. அந்த நடுவில்தான் கறுப்புச் சகதி சேரும். அது சேர்ந்தால் இறால் அடியில் கிடக்காமல் மேலே வந்து வாயைத் திறக்கும். அன்றைக்குக் குளமே போச்சு.

"இப்போ வலை வெச்சது" என்றாள் பாவினி. தவின் பெட்டியை மாற்றினான். முன்னதைப் போலவே காலி. திரையில் வளைவு வந்தது, ஓட்டம் வந்தது, ஆனால் கொப்புளத்துக்குள் திரும்பாமல் நேரே போனது. உள்ளே இருந்த பொடிகள் சோம்பலாக மிதந்து, ஒவ்வொன்றாக நின்றன.

"பாத்தீங்களா? நின்னுடுச்சு" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது.

"அதான் எனக்குப் பிடிக்கல."

"ஏன்?"

"நின்ன தண்ணி அழுகும்மா. முப்பத்திரண்டு வருஷம் தண்ணிய நிக்க விடாம இருக்கத்தான் எனக்குச் சம்பளம். நீ நிக்க வெச்சுட்டுச் சிரிக்கற."

"ரத்தம் நின்னா உறையும் பெரியப்பா. உறைஞ்சு அந்தப் பை அடைஞ்சிடும். கொஞ்ச நாள்ல வாய்ப்பக்கம் புதுத் தோல் மூடிடும். நாங்க வேணும்னுதான் நிறுத்தறோம்."

"உறையுமா? இதுல உறைய வெச்சுக் காட்டு."

"இது கிளிசரின். உறையாது."

"அப்போ உறையும்னு நீ பாக்கல."

"நான் பாக்கல. ஓட்டம் குறையுதான்னு பாக்கறதுதான் என் வேலை. உறையறதை டாக்டர்ங்க நிறையப் பேருக்குப் பாத்திருக்காங்க."

"அவங்க படத்துல பாத்திருப்பாங்க."

மேஜை மேல் வலை வந்த காலி டப்பா கிடந்தது. கிளாய் அதை எடுத்துப் பச்சை வெளிச்சத்தில் பிடித்து எண்களைப் படித்தார். எழுத்துதான் சிரமம், எண் அவருக்கு எப்போதும் வரும்.

"இது போன வருஷமே கெட்டுப் போச்சே!"

"தேதி முடிஞ்சதைத்தான் சோதனைக்குத் தருவாங்க. அம்மாவுக்குப் புதுசுதான் வரும்."

"கெட்டுப் போனதை வெச்சு நல்லா இருக்குன்னு காட்டறீங்க. நல்லா இருக்கறதை அவ தலைக்குள்ள விட்டுத்தான் பாப்பீங்க. சரி. அந்த முடி மாதிரி ஒண்ணு எங்க?"

"எது?"

"டாக்டர் காட்டின படத்துல, கொப்புளத்துக்குப் பக்கத்துல, தலைமுடி கணக்கா ஒரு கிளை பிரிஞ்சு போச்சு. இதுல காணோம்."

பாவினி பம்பை நிறுத்தினாள். துடிப்பு அடங்கியது. கிளாய்க்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

"அவ்வளவு மெல்லிசை எங்களால அச்சுல எடுக்க முடியல" என்றாள். "வார்க்கும்போது ஒடைஞ்சு போயிடும். விட்டுட்டோம்."

"வலை அந்தக் கிளை மேலயும் படுமா?"

"படும். கண்ணி வழியா ரத்தம் போகும். பெரும்பாலும் போகும்."

"போகலன்னா?"

"ஒரு பக்கம் கை கால் வலு குறையலாம்."

அவள் அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். கிளாய்க்குக் கோபப்பட ஒரு பிடி கிடைக்கவில்லை. பிடி இல்லாத கோபம் உள்ளேயே சுற்றியது. "போதும், லைட்டைப் போடு" என்றார்.

தவின் விளக்கைப் போட்டான்.

கண்ணாடியைக் கழற்றினார் கிளாய். சுவரோரம் ஒரு சின்ன மர அலமாரி. அதில் சோப்புக்கட்டி அளவில் தெளிவான சிலிகான் கட்டிகள் வரிசையாக. மேல் தட்டில் ஒரே ஒரு கட்டி தனியாக, பித்தளைத் தட்டின் மேல் இருந்தது. அதன் மேல் புது மல்லிகை மாலை, கீழே சிவப்பு ரோஜா தொங்கியது. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். கட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிரிம். அறுபத்தாறு வயது. பெட்டியில் வைத்ததைப் போலவே வார்த்த இன்னொன்று.

கிளாய் சீட்டை மறுபடி படித்தார்.

அவர் அண்ணன் செத்ததும் உடம்பை மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு வருஷம் கழித்துக் குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். நீள மேஜைகளில் வெள்ளைத் துணி போர்த்த உடம்புகள். ஒவ்வொன்றின் மேலும் இதே மாலை. பிள்ளைகள் மண்டியிட்டு, "பெரிய ஆசானே" என்று கும்பிட்டார்கள். உடம்பைக் கொடுத்துப் பாடம் சொல்லித் தந்த செத்தவர்களுக்கு அந்தப் பட்டம்.

"யாரு போட்டது இதை?"

தவின் ஒரு அடி முன்னால் வந்தான். "நான்தான் ஐயா."

"உசுரோட இருக்கறவளுக்கு மாலையாடா போடுவ?"

"ஐயா, அது..."

"அங்க வார்டுல உக்காந்து மாங்கா தின்னுக்கிட்டு இருக்காடா அவ! நீ இங்க தண்ணி வெச்சுப் படைச்சிருக்க! முடிஞ்சு போச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா? அதைத்தான் என்கிட்ட சொல்லலையா?"

பாவினிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளும் அந்த மாலையைத் தினம் பார்த்திருப்பாள். ஒரு நாளும் தப்பாகத் தோன்றியிருக்காது. நோயாளி வீட்டார் யாரும் இந்த அறைக்கு வந்ததில்லை.

தவின் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் இருபது வருஷம் மெடிக்கல் காலேஜ்ல உடம்பு வைக்கிற அறையில வேலை பாத்தேன் ஐயா. காலையில போனா முதல் வேலை மாலை மாத்தறதுதான். முதுகு போச்சுன்னு இங்க மாத்தினாங்க. முதல் தடவை ஒருத்தரோட குழாயை வார்த்து எடுத்து மேஜையில வெச்சப்போ, வெறுமன வைக்க மனசு வரல. இதுவும் ஒரு மனுஷரோடது, இவங்ககிட்டயும் நாம கத்துக்கறோம்னு கையி தானாப் போயிடுச்சு. அப்புறம் விட முடியல. பதினாலு பேருக்குப் போட்டிருக்கேன்."

"அந்தப் பதினாலு பேர்ல எத்தனை பேரு உசுரோட இருக்காங்க?"

"பன்னெண்டு" என்றாள் பாவினி, மெல்லிய குரலில்.

கிளாய் மேலே கேட்கவில்லை. எட்டி மாலையை எடுத்தார். தவின் தடுக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து படியிறங்கியபோதுதான் கையில் மாலை இருப்பது உறைத்தது.

அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. குப்பைத் தொட்டியில் போட முடியாது. பெயர் சொல்லிப் படைத்த மாலை. வார்டுக்கு எடுத்துப் போனால் பிரிம் பார்ப்பாள். ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார், திரும்பி அந்தப் பக்கம் போனார். ஒரு மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரன், "மாலையோட நிக்கற மாப்பிள்ளை, எங்க போகணும்?" என்றான். "உன் கருமாதிக்கு" என்றார் கிளாய். கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் உள்ள காவல் தெய்வ மாடத்தில், தொங்கிக்கொண்டிருந்த நூறு மாலைகளுக்கு நடுவே அதையும் மாட்டிவிட்டு, கும்பிடலாமா வேண்டாமா என்று நின்று, கும்பிடாமல் நடந்தார்.

மணி இரண்டே முக்கால். இரண்டு தடவை லிஃப்டுக்குப் போய் ஏறாமல் திரும்பினார். வேண்டாம் என்று சொன்னால் பிரிம் ஊருக்கு வருவாள். துணி துவைப்பாள், குனிவாள், இருமுவாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பச்சைச் சீறல் சுவரில் மோதும். அது இனி அவர் கண்ணை விட்டுப் போகாது. சரி என்று சொல்லி, கை கால் போய் அவள் படுத்துவிட்டால், சொன்னது அவர் வாய். படிக்கட்டு வழியாகவே நாலு மாடியும் ஏறினார்.

பிரிம் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூச்சு வாங்க எதிரில் நின்றார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கேன்?"

"கண்ணுக்கே தெரியல. காலிப் பெட்டி."

"உனக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கேன். சொல்லு."

பொய் சொல்ல அவருக்கு வராது. வரிசையாகச் சொன்னார். சீறல் ஒரே இடத்தில் மோதுவதைச் சொன்னார். வலை வைத்தால் நிற்பதைச் சொன்னார், நிற்பது தனக்குப் பிடிக்கவில்லை என்றார். தேதி முடிந்த டப்பாவைச் சொன்னார். முடி மாதிரிக் கிளை அதில் இல்லவே இல்லை என்று சொன்னார். கை கால் என்று வந்தபோது குரல் உடைந்தது. இருமி மறைத்தார்.

"மெதுவா இரு, நீ இருமினா வெடிச்சிடும்" என்றாள் பிரிம். பிறகு, "இன்னும் என்னவோ இருக்கு. முழுங்கற" என்றாள்.

"மாலை போட்டு வெச்சிருந்தான்."

"யாருக்கு?"

"உனக்குத்தான். உன் பேரு எழுதின கட்டிக்கு. செத்தவங்களுக்குப் போடற மாதிரி."

தவின் சொன்னதையும் சொன்னார். பிரிம் காகிதத்தைக் கீழே வைத்தாள். பக்கத்துக் கட்டில்காரிகூட மாங்காய் மெல்வதை நிறுத்தியிருந்தாள். பிறகு பிரிம் தோளைக் குலுக்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். கிளாய் பயந்து அவள் தலையைப் பிடித்தார்.

"கையை எடு. மல்லிகையா?"

"மல்லிகைதான். ரோஜா வெச்சு."

"நாப்பத்தஞ்சு வருஷத்துல நீ ஒண்ணு வாங்கித் தந்தியா? எவனோ ஒருத்தன் தினமும் புதுசு போட்டிருக்கான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேனா குடு."

"என்னத்துக்கு?"

"போடத்தான்."

"நான் சரின்னு சொல்லலையே! எனக்கு நம்பிக்கை இல்லன்னுதானே இவ்வளவும் சொன்னேன்!"

"அதனாலதான். நீ சரின்னு வந்து நின்னிருந்தா, இந்தக் கிழவனை ஏமாத்திட்டாங்கன்னு ஊருக்குப் போயிருப்பேன். அங்க உன்கிட்ட ஒண்ணையும் மறைக்கலைல? முடி மாதிரி இருக்கறது இல்லன்னு அவங்க வாயாலயே சொல்லியிருக்காங்க."

"நான் கேட்டதனால சொன்னா."

"கேட்டா சொல்றாங்கல்ல. அது போதும் எனக்கு."

"மாலை போட்டுட்டா கவனமாச் செய்வாங்கன்னு ஆகாது பிரிம். கும்பிடறவன் எல்லாம் ஒழுங்கா வேலை செய்வான்னு எவன் சொன்னான்?"

"அதைச் சொல்லல நான்." அவள் குரல் மாறியது. "மூணு வாரமா நீ தூங்கல. நானும் தூங்கல. நான் தும்ம வந்தா உன் மூஞ்சியப் பாத்துட்டு அடக்கறேன். சோறு வடிக்க விடல, குனிய விடல, கக்கூஸ் கதவத் தட்டற. அது இருபது வருஷம் வெடிக்காமலே இருந்தா? இருபது வருஷமும் நீ என் மூக்குல விரலை வெச்சுக்கிட்டு இருப்பியா? எனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். கை போனா போகட்டும். இன்னொரு கை இருக்கு உன்னை அடிக்க."

கிளாய் சட்டைப் பையில் பேனா தேடினார். கிடைக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரியின் பேனாவை வாங்கிக் கொடுத்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு பெயரை எழுதினாள்.

நர்ஸ் மேஜை வார்டின் கோடியில். காகிதத்தை எடுத்துப் போனது கிளாய்தான். மணி மூன்றரை. நர்ஸ் படித்துப் பார்த்துவிட்டு, கீழே ஒரு கோட்டைக் காட்டினாள்.

"சாட்சி நீங்க போடணும் பெரியப்பா."

"எதுக்குச் சாட்சி?"

"அம்மா தானா விரும்பிப் போட்டாங்கன்னு."

"அது சரி. அதுக்குப் போடறேன். ஆனா இவங்க செய்யறதை நான் நம்பலன்னு பக்கத்துல எழுது."

நர்ஸ் காகிதத்தைப் புரட்டினாள். "அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையே பெரியப்பா."

"ஒரு கட்டம் போட்டுக்கோ. இடம் இருக்கே."

"அதெல்லாம் போட முடியாது. நீங்க போடலன்னா நான் வேற யாரையாவது கூப்பிடறேன்."

"வேற யாரையும் கூப்பிட வேண்டாம்" என்றார் கிளாய். மேஜையில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இறங்கிவிட்டது. "அந்த முடி மாதிரிக் கிளையை டாக்டர்கிட்ட மறுபடி ஒரு தடவை சொல்லு. படத்துல இருக்கு, பெட்டியில இல்ல. சொல்லுவியா?"

"அவருக்குத் தெரியும் பெரியப்பா."

"தெரியும்னு நீ சொல்ற. சொல்லுவியா?"

"சொல்றேன்."

சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. டாக்டரையே பார்த்துச் சொல்லிவிடலாம் என்று அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தார். அவர் மறுபடி ஒரு படத்தைத் திருப்பிக் காட்டுவார். நின்றுவிட்டார். வார்டுக்குள் பிரிம் பக்கத்துக் கட்டில்காரியிடம் மாலைக் கதையை ஆரம்பித்திருந்தாள். சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருப்பாள், ஆட்டாதே என்று போய்ச் சொல்ல வேண்டும். போகவில்லை, ஆட்டட்டும் என்று விட்டார்.

படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். நின்ற ரத்தம் உறையுமாம், உறைந்தால் நல்லதாம். பார்த்தவர் யாராவது எதிரில் வந்து, என் கண்ணால் பார்த்தேன் என்று வாயைத் திறந்து சொல்லட்டும், அப்புறம் யோசிக்கலாம். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.